மைக்கேல்ராஜ் பேசப் போனது

மனைவி ரோஸியை அடக்கம் செய்த அடுத்த திங்கட்கிழமையே மைக்கேல்ராஜ் வேலைக்கு வந்துவிட்டார். ஐப்பசி மழை. குன்றத்தூரிலிருந்து பென்னலூர் வந்து சேர்வதற்குள் பேண்ட் முழங்கால்வரை நனைந்திருந்தது. கம்பெனியில் யாரும் அவரை எதிர்பார்க்கவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று அம்சவல்லி அவர் மேசையருகே வந்து நின்றாள். அவர் நிமிர்ந்து பார்த்து, "அந்தச் சின்ன ஸ்க்ரூ டிரைவர யார்மா எடுத்தது?" என்று கேட்டார். அவள் தேடி எடுத்துக் கொடுத்தாள்.

"மனுசனுக்கு நெஞ்சுரம் ஜாஸ்தி" என்று சாப்பாட்டு நேரத்தில் தணிகாசலம் சொன்னான். "நானா இருந்தா எழுந்தே இருந்திருக்க மாட்டேன்."

மைக்கேல்ராஜுக்கு நெஞ்சுரம் எதுவும் இல்லை. ரோஸிக்கு மஞ்சள்காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நாள் கடந்துவிட்டிருந்தது. குழிக்குள் மண் போடும்போது அழுகை வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. வீட்டுக்குப் போனால் வரும் என்று நினைத்தார். அங்கேயும் வரவில்லை. பசித்தது, சாப்பிட்டார். தூக்கம் வந்தது, தூங்கினார். மகள் பெனிட்டா பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வதை அவர் பார்ப்பார். ஏதாவது பேச வேண்டும் என்று தெரியும். எதைப் பேசுவது என்று யோசிப்பதற்குள் விடிந்துவிடும்.

பென்னலூர்க் கம்பெனி சின்னது. வயர்லெஸ் செட்டுகளுக்கு வேண்டிய கிறிஸ்டல் செய்தார்கள். குவார்ட்ஸ் கல்லை நகத்தின் கனத்துக்குச் சீவுவது தணிகாசலத்தின் வேலை. சரோஜா அதைச் சக்கரத்தில் வைத்துத் தேய்ப்பாள். அம்சவல்லி அமிலத்தில் முக்கி முக்கி எடுத்து, மீட்டரில் பார்த்து, வேண்டிய அலைவரிசைக்குக் கொண்டுவருவாள். பிறகு அதை இரண்டு கால் வைத்த ஒரு தகர டப்பாவுக்குள் மூடிவிடுவார்கள். ஒரு கிறிஸ்டல் ஒரே ஒரு அலைவரிசையில்தான் பேசும். ஒரு வாடிக்கையாளருக்குச் செய்ததை இன்னொருவருக்கு விற்க முடியாது. செட்டில் ஒரு சேனலுக்கு இரண்டு கிறிஸ்டல்: பேசுவதற்கு ஒன்று, கேட்பதற்கு ஒன்று. வந்த செட்டுகளில் இவற்றைப் பொருத்தி, பேசவும் கேட்கவும் வைத்து அனுப்புவது மைக்கேல்ராஜின் வேலை. அவர்தான் அங்கே ரேடியோ டெக்னீஷியன். சர்க்கரை ஆலை, துறைமுகத்தில் சரக்கு ஏற்றுகிறவர்கள், மீன்பிடி விசைப்படகுக்காரர்கள் என்று பலருடைய செட்டுகள் அவர் மேசைக்கு வந்து போயின.

மாசி கடைசியில் முதலாளி புருஷோத்தமன் ஒரு புதுச் செட்டை அவர் மேசையில் கொண்டுவந்து வைத்தார். படகுக்காரர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தது. முகப்பில் டெலிபோனில் இருப்பதுபோல எண் பொத்தான்கள் இருந்தன. எந்த அலைவரிசை வேண்டுமோ அந்த எண்ணை அமுக்கினால் போதும் என்றார் புருஷோத்தமன்.

"தொறந்து பாரு மைக்கேல். உள்ள எத்தன கிறிஸ்டல் கீது பாரு."

மைக்கேல்ராஜ் திறந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். சர்க்யூட் பலகையைக் கழற்றிப் பின்பக்கமும் பார்த்தார்.

"ஒண்ணு சார்."

"சரியா பாரு."

"ஒண்ணுதான் சார். அதுவும் இந்தச் செட்டுக்குன்னு தனியா செஞ்சது இல்ல. எல்லாச் செட்டுக்கும் பொதுவானது."

சரோஜாவின் சக்கரம் நின்றுவிட்டது. அம்சவல்லி கையுறையோடு எழுந்து நின்றாள். எட்டு சேனல் செட்டுக்குப் பதினாறு கிறிஸ்டல் விற்ற கம்பெனி அது. புருஷோத்தமன் செட்டைக் கையில் எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனார். பலகையை மாட்டும் நான்கு ஸ்க்ரூக்கள் மேசைமேலேயே கிடந்தன. மைக்கேல்ராஜ் அவற்றை ஒரு காகிதத்தில் மடித்து, அறைக் கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டு வந்து, அடுத்த செட்டை எடுத்தார்.

"இன்னா மனுசன்பா இவரு" என்றாள் சரோஜா.

பங்குனியில் ஆர்டர் பாதியானது. சித்திரையில் அதிலும் பாதி. ஸ்ரீபெரும்புதூர்க் கூட்டத்தில் குண்டு வெடித்த அந்த மே மாதத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் வயர்லெஸ் என்று வாய்விட்டுச் சொன்னாலே பஸ்ஸில் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். செட்டு கொண்டுவருகிறவர்கள்கூட வருவதை நிறுத்திக்கொண்டார்கள். காலையில் எல்லோரும் வழக்கம்போல வந்தார்கள். மெஷின்களைத் துடைத்தார்கள், தரையைக் கழுவினார்கள். மறுநாள் வந்து அதே மெஷின்களை மறுபடி துடைத்தார்கள். புருஷோத்தமன் வாரத்துக்கு ஒருமுறை வந்தார், அறைக்குள் போனார், பின்பக்கமாகவே வெளியே போனார். மூடப்போகிறார் என்று வாட்ச்மேன் சொன்னான். இல்லை, பெங்களூருக்கு மாற்றப்போகிறார் என்று தணிகாசலம் கேள்விப்பட்டான்.

ஜூன் தொடக்கத்தில் ஒருநாள் அம்சவல்லி மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு மைக்கேல்ராஜின் மேசைக்கு வந்தாள். அவள் பென்னலூர்க்காரி. புருஷன் குடித்துவிட்டு எங்கேயாவது கிடப்பான். அவள் சம்பாத்தியத்தில்தான் மாமியாரும் இரண்டு பிள்ளைகளும் சாப்பிட்டார்கள்.

"அண்ணா, நீங்க சார்கிட்ட போய்ப் பேசுங்க."

"நானா?"

"பின்ன யாரு? அவரு மொகத்தப் பார்த்தா எனக்கு நாக்கு ஒட்டிக்குது. தணிகாசலம் போனா சண்டையாயிடும். நீங்க ஒருத்தருதான் எதுக்கும் பயப்படாம கீறீங்க."

"இன்னா பேசணும்?"

"மூடப்போறாரா இல்லியா, நேரா சொல்லச் சொல்லுங்க. மூடுறதா இருந்தா எங்களுக்கு வேற எடத்துல ஒரு வழி பண்ணிட்டு மூடச் சொல்லுங்க. இவ்ளோ வருசம் அந்த ஆசிட்டுல கைய வெச்சிகினு கெடந்தோமே."

மைக்கேல்ராஜ் தலையாட்டினார். மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். அவருக்கு எதுவும் அகப்படவில்லை.

அடுத்து புருஷோத்தமன் வந்த அன்று, உச்சிவேளையில் மைக்கேல்ராஜ் அவர் அறைக்குள் போனார். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார். அம்சவல்லி சொன்னதை அப்படியே, அதே வரிசையில் சொன்னார். சொல்லி முடித்ததும் அவரிடம் சொல்வதற்கு வேறு எதுவும் மிச்சம் இல்லை.

புருஷோத்தமன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மூடத்தான் போறேன் மைக்கேல். ஆடி பொறந்ததும். நீயே அவங்ககிட்ட பக்குவமா சொல்லிடேன். நீ சொன்னா கேப்பாங்க."

மைக்கேல்ராஜுக்கு எழுந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. கால்களுக்கு அது எட்டவில்லை. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஓர் இறக்கை கொஞ்சம் வளைந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, அப்படிப் பாக்குற? நானே சொல்லணும்ங்கிற, அதானே?" என்றார் புருஷோத்தமன். "சரி. நானே சொல்றேன். இன்னிக்கே சொல்லிடறேன்."

மைக்கேல்ராஜ் அசையவில்லை.

"வழி பண்ணுன்னா நான் என்னத்தப் பண்ணுவேன்? அந்தச் சீவுற மெஷின வாங்க யாரும் இல்ல. பழைய இரும்புக்குக் கேக்குறான். இருபது வருஷம் பெங்களூர்ல இன்னொருத்தன்கிட்ட வேலை பாத்துட்டு, சொந்தமா பண்ணலாம்னு வந்தேன். என் பொண்டாட்டி அன்னிக்கே சொன்னா. ஒரு பொத்தான அமுக்குனா போதும்னு ஒருத்தன் கண்டுபிடிப்பான்னு எனக்குத் தெரியுமா?"

அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. மைக்கேல்ராஜ் அதைப் பார்த்தார். இந்த இடத்தில் ஒரு மனிதனுக்கு ஏதாவது தோன்ற வேண்டும் என்று நினைத்தார். ஆறுதல் சொல்லலாம், கையைப் பிடிக்கலாம். அவர் கைகள் மடியிலேயே இருந்தன.

புருஷோத்தமனால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

"ஸ்ரீபெரும்புதூர்ல என்கூடப் படிச்சவன் ஒருத்தன் டி.வி. போர்டு போடுற யூனிட் ஆரம்பிச்சிருக்கான். லைன்ல உக்கார ஆள் வேணும்னான். அவன்கிட்ட பேசறேன். பொம்பளைங்க எல்லாரையும் எடுத்துக்கச் சொல்றேன். தணிகாசலத்துக்கு மார்பிள் பட்டறையில சொல்றேன். அவன் கைக்குக் கல்லு அறுக்கறது புதுசா என்ன?... போதுமா மைக்கேல்? இதுக்கு மேல என்னால ஆகாதுப்பா."

அப்போதுதான் மைக்கேல்ராஜால் எழுந்திருக்க முடிந்தது. "சரி சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

புருஷோத்தமனும் அவர் பின்னாலேயே வந்தார். எல்லோரையும் கூப்பிட்டு நிற்க வைத்து, அறைக்குள் சொன்னதையெல்லாம் அவர் வாயாலேயே சொன்னார். சரோஜா விசும்பி அழுதாள். அம்சவல்லி அழவில்லை. "டி.வி. கம்பெனியில ஷிப்ட்டு உண்டா சார்? பஸ்ஸு வுடுவாங்களா?" என்று கேட்டுக்கொண்டாள். புருஷோத்தமன் போனதும் நேராக மைக்கேல்ராஜிடம் வந்து குனிந்து காலைத் தொடப் போனாள். அவர் பின்னால் நகர்ந்துகொண்டார்.

"அப்படி இன்னாண்ணா பேசுனீங்க உள்ள? ஆளு ஆடிப் போயிட்டாரே."

"நான் ஒண்ணும் பேசலம்மா. சும்மா ஒக்காந்துகினு இருந்தேன்."

"பார்த்தியா" என்றாள் அவள் சரோஜாவிடம். "செய்யறதெல்லாம் செஞ்சிட்டு எப்டி சொல்றாரு பாரு."

டி.வி. கம்பெனிக்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பெண்கள் எல்லோரையும் எடுத்துக்கொண்டார். மைக்கேல்ராஜுக்காகவும் புருஷோத்தமன் கேட்டிருந்தார். ஆனால் அங்கே டெக்னீஷியன் என்று ஒருவர் உட்கார்ந்து பார்க்கும் வேலை இல்லை. பலகை சரியில்லை என்றால் மெஷினே விளக்கைப் போட்டுக் காட்டும். அதை எடுத்து ஒதுக்கிவிடுவார்கள். லைனில் உட்காரச் சின்ன வயதுப் பெண்கள்தான் வேண்டும். "அவரு வூட்ல பொண்ணு இருந்தா அனுப்பச் சொல்லுங்க, அவருக்குப் பதிலா எடுத்துக்கறேன்" என்று அவர் சொல்லியனுப்பினார்.

மைக்கேல்ராஜ் இதை அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னார். பெனிட்டா ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். பிளஸ் டூவில் நல்ல மார்க். மெட்ராஸில் சிஸ்டர்கள் நடத்தும் கல்லூரியில் பி.எஸ்ஸி. சேர இடமும் கிடைத்திருந்தது.

"நீ இன்னாப்பா சொன்ன அவருகிட்ட?"

"கேட்டுச் சொல்றேன்னேன்."

"யாரக் கேட்டு?"

"ஒன்னத்தான்."

அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"நான் அனுப்ப மாட்டேன்னு சொல்லணும்னு ஒனக்குத் தோணலையா?"

அவர் யோசித்தார். ரோஸி இருந்திருந்தால் கரண்டியைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்திருப்பாள். எம் பொண்ணு காலேஜ் போவும், நீ எந்த மண்ணையாவது தூக்கிச் சம்பாரி என்று கத்தியிருப்பாள். அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்றுகூட அவருக்குத் தெரிந்தது. தனக்குள் அப்படி ஒரு சத்தம் கிளம்புகிறதா என்று பார்த்தார். ஒன்றும் இல்லை.

"ஒன் இஷ்டம்மா" என்றார்.

பெனிட்டா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் தண்ணீர் கொதித்து வழிந்து ஸ்டவ் அணைந்தது. அப்போதும் அவள் எழுந்திருக்கவில்லை. அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள்.

"ஊருக்கெல்லாம் போய்ப் பேசிட்டு வந்தியாமே. அம்சவல்லி அக்கா பஸ்ஸுல பார்த்துச் சொல்லிச்சு."

"நான் பேசல."

"சரி" என்று எழுந்தாள். "போறேன்னு சொல்லிடு."

அடுத்த வாரத்திலிருந்து கம்பெனி வேன் வர ஆரம்பித்தது. நீல நிறச் சட்டையும் தலைக்குத் துணித் தொப்பியும் கொடுத்தார்கள். முதல் நாள் வேனில் பெனிட்டாவுக்கு அம்சவல்லி பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. அன்று சாயங்காலம் அம்சவல்லி தன் ஊரில் இறங்காமல் குன்றத்தூர்வரை வந்து இறங்கி, வீடு தேடி வந்துவிட்டாள்.

"படிக்கற பொண்ண லைனுக்கு அனுப்பிட்டீங்களேண்ணா. எங்களுக்காக அம்மாந்தூரம் மல்லுக்கட்டினீங்களே, சொந்தப் பொண்ணுக்கு ஒரு வார்த்த பேசக்கூடாதா?"

"அதுதான் போறேன்னுச்சு."

"அது சொல்லும். பொண்ணுங்க சொல்லும்ணா. நீங்க வேணாம்னு சொல்லணும்."

அவர் அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காராமல் போய்விட்டாள்.

தணிகாசலத்தின் மச்சான் குன்றத்தூர் பஜாரில் மிக்ஸி, மின்விசிறி ரிப்பேர் கடை வைத்திருந்தான். ஆடியிலிருந்து மைக்கேல்ராஜ் அங்கே போனார். எப்போதாவது யாராவது பழைய டிரான்சிஸ்டரைக் கொண்டுவருவார்கள். அவர் திறந்து, தூசி தட்டி, பாட வைத்துக் கொடுப்பார். கொண்டுவந்தவர் அங்கேயே நின்று இரண்டு பாட்டுக் கேட்டுவிட்டு, "டேப் ரெக்கார்டர் வாங்கிக்கலாம்னு கீறேன், இது எதுக்கும் இருக்கட்டும்" என்பார். மிக்ஸி வேலைதான் அதிகம். காலையில் மூன்று பிளேடு, மத்தியானம் இரண்டு மோட்டார். அதுவும் அவருக்குக் கஷ்டமாக இல்லை, சுகமாகவும் இல்லை.

பெனிட்டா ஷிப்ட் முடிந்து வரும்போது அவள் விரல்களில் ஈயப்பற்று வாசம் வரும். ஆரம்பத்தில் அங்கே நடப்பதைக் கொஞ்சம் சொல்வாள். சூப்பர்வைசர் பாத்ரூம் போனால்கூடக் கடிகாரம் பார்ப்பது, அம்சவல்லி அவனைப்போல நடந்து காட்டியது, இந்த மாதிரி. ஒருநாள், "எங்க போர்டுலயும் ஒரு கிறிஸ்டல் கீதுப்பா. தைவான்லேர்ந்து நாடாவுல ஒட்டிகினு வருது. நான் ஒரு ஷிப்ட்டுக்கு எவ்ளோ வெக்கறேன் தெரியுமா?" என்றாள். அவர், "அப்படியா" என்றார். அதற்குப் பிறகு அவள் கம்பெனிக் கதை எதையும் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவாள்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. ரோஸி போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. மைக்கேல்ராஜ் காலையிலேயே கல்லறைத் தோட்டத்துக்குப் போய் மேட்டில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கினார். மழையில் மண் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. மண்வெட்டி இரவல் வாங்கி ஒதுக்கிவிட்டு, சாமந்தி மாலையைச் சிலுவையில் போட்டார். சுற்றிலும் குடும்பம் குடும்பமாக ஆட்கள். பக்கத்துக் கல்லறையில் ஒரு கிழவர் மெழுகுவர்த்தி அணைந்து அணைந்து போகிறதென்று குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பெனிட்டாவுக்கு அன்று காலை ஷிப்ட். லீவு கிடைக்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் பாதர் தீர்த்தம் தெளித்து முடித்து, கூட்டம் கலைந்துகொண்டிருந்தபோது நீலச் சட்டையோடேயே ஓடி வந்தாள். செருப்பெல்லாம் சேறு. மேட்டின் முன்னால் முழந்தாளிட்டாள். வாய் முணுமுணுத்தது. பிறகு அது நின்றது. குனிந்த தலை குனிந்தபடியே இருந்தது. தொப்பியின் எலாஸ்டிக் நெற்றியில் ஒரு சிவந்த கோடு போட்டிருந்தது.

அந்தக் கோட்டை மைக்கேல்ராஜ் பார்த்தார். அது காலையிலிருந்து அங்கே அழுந்திக்கொண்டிருந்திருக்கும். ரோஸி பார்த்தால் தேங்காய் எண்ணெய் வைத்துத் தேய்ப்பாள். தினமும் இந்தக் கோட்டோடுதான் இவள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். ஜூலையிலிருந்து. தினமும் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிட்டிருக்கிறாள்.

"ஒன்ன அனுப்பியிருக்கக் கூடாது" என்றார்.

பெனிட்டா நிமிர்ந்தாள்.

"இப்ப சொல்றியா?"

"ஆமா."

"ஜூன்ல ஒன் வாயயே பார்த்துகினு ஒக்காந்திருந்தேனே. ஒரு வார்த்த. வேணாம்னு. அம்மா இருந்தா எப்டிக் கத்தியிருக்கும்?" அவள் குரல் உயர்ந்தது. குடைக் கிழவர் திரும்பிப் பார்த்தார். "எம் மேல கோவம் போலன்னு நெனச்சேன். நான் முன்னாடியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போவச் சொல்லியிருக்கணும், சொல்லல, அதுக்குத்தான் எங்கிட்ட பேச மாட்றேன்னு நெனச்சேன்."

மைக்கேல்ராஜ் திகைத்துப்போனார். அப்படி ஒன்று அவள் மனதில் இருக்கும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

"ஐயோ, அப்படி இல்லம்மா. ஒம்மேல இன்னா கோவம்? ஒரு கோவமும் இல்ல." மேலே சொல்ல வரவில்லை. ஆனால் இந்தத் தடவை விட்டுவிடக் கூடாது என்று தெரிந்தது. வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "அம்மா போனதுலேர்ந்து எனக்கு ஒண்ணும் தோணல. கம்பெனி மூடறப்பவும் தோணல. எல்லாரும் என்னைய தைரியசாலிங்கறாங்க. உள்ள ஒண்ணுமே இல்ல. நீ கேட்டப்பவும் தேடிப் பார்த்தேன். ஒண்ணுமே இல்ல பெனிட்டா."

அவள் சேற்றிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். முதலில் சத்தமில்லாமல், பிறகு சத்தமாக அழுதாள். அவர் அவளுக்குப் பக்கத்தில் குந்தினார். தலையில் கை வைத்தார். எண்ணெய் இல்லாமல் முடி வறண்டிருந்தது. அவருக்கு அழுகை வரவில்லை. வர வேண்டும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. அவள் ஓயும்வரை கையை எடுக்காமல் இருந்தார்.

"அடுத்த ஜூன்ல அந்தக் காலேஜ்ல திருப்பிக் கேக்கலாமா?" என்றார்.

"தெரியல. சிஸ்டர் இன்னா சொல்லுவாங்களோ."

"நான் வந்து கேக்கறேன்."

"நீ வந்து இன்னா பேசுவ?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"தெரியல. வந்து ஒக்காந்துக்கறேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டாள்.

தூறல் வலுத்தது. இரண்டு பேரும் எழுந்து நடந்தார்கள். பெனிட்டாவுக்குப் பசித்தது, காலையிலிருந்து கேண்டீனில் ஒரு பன்தான் சாப்பிட்டிருந்தாள். வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். காலையில் வடித்த சோறு இருக்கிறது, குழம்பு வைக்கவில்லை என்றார். பஜார் வழியாகப் போனார்கள். கடையில் ஒரு மிக்ஸி அவருக்காகக் காத்திருந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தணிகாசலத்தின் மச்சானிடம் சொல்லிவிட்டு, எதிர்க்கடையில் கத்தரிக்காயும் கொஞ்சம் கருவாடும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள்.